பரிசு வைத்து கிறிஸ்துமஸ் வினாடி வினா நடத்தும்போது கவனிக்க வேண்டியவை

கேள்வி இதுதான்: வெவ்வேறு நாடுகளில் இருக்கும் எண்பது பேர் கொண்ட ஒரு குழுவில் டிசம்பர் கடைசியில் கிறிஸ்துமஸ் வினாடி வினா வைத்து நாலைந்து பரிசும் கொடுக்க வேண்டும், கேள்விகளை எப்படித் தேர்ந்தெடுப்பது, பரிசை எப்படிப் பங்கிடுவது, கடைசியில் யாருக்கும் மனக்கசப்பு இல்லாமல் எப்படி முடிப்பது. இந்த வேலையைச் சில வருடங்களாகச் செய்து வருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பரிசு இல்லாத வினாடி வினாவில் விடை தப்பாக இருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நாலு வார்த்தை பேசிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். பரிசு என்று வந்துவிட்டால் தப்பான விடைத்தாள் ஒருவருக்குச் சேரவேண்டியதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடும். கிறிஸ்துமஸ் விஷயத்தில் இது ரொம்பச் சுலபமாக நடக்கும், ஏனென்றால் நமக்கெல்லாம் நன்றாகத் தெரியும் என்று நினைப்பவற்றில் நிறைய, வாழ்த்து அட்டைப் படங்களிலிருந்தும் பாட்டுகளிலிருந்தும் வந்தவை.

நான் முதன்முதலாக நடத்தியபோது "குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகள் எத்தனை பேர்?" என்று கேட்டிருந்தேன். விடை மூன்று என்று எழுதி வைத்திருந்தேன். குழுவில் ஒரு அக்கா "எண்ணிக்கை சொல்லப்படவில்லை" என்று எழுதியிருந்தார், நான் தப்பு போட்டேன், அந்த ஒரு மதிப்பெண்ணில் அவருக்கு முதல் பரிசு கைநழுவிப் போயிற்று. இரண்டு நாள் கழித்து மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை உட்கார்ந்து வாசித்தபோதுதான் அவர் எழுதியது சரி என்று தெரிந்தது. அங்கே மூன்று காணிக்கைகள் இருக்கின்றன. வந்தவர்கள் மூன்று பேர் என்று இல்லை, அவர்கள் அரசர்கள் என்று இல்லை, கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்களும் இல்லை, எல்லாம் பிற்கால மரபில் சேர்ந்தவை. அதற்குள் பரிசு வேறொருவர் கைக்குப் போய்விட்டது. அக்காவிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு, அதே பரிசு இன்னொன்று வாங்கி அனுப்பினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், விடை எங்கிருந்து வருகிறது என்று எழுதி வைக்காமல் வெளியிடுவதே இல்லை.

பைபிள் கேள்விகளில் "எதன்படி" என்று கேள்விக்குள்ளேயே சொல்லிவிடுங்கள். "மத்தேயு நற்செய்தியின்படி", "லூக்கா நற்செய்தியின்படி" என்ற ஒரு சொல் போதும், பாதி வாதம் எழவே எழாது. இயேசுவின் பிறப்பை விவரிப்பவை நான்கு நற்செய்திகளில் இந்த இரண்டும் மட்டும்தான். மாற்குவும் யோவானும் அந்தக் கதையைச் சொல்வதில்லை (இதையே ஒரு கேள்வியாக வைக்கலாம், நல்ல கேள்வி). மேய்ப்பர்கள் லூக்காவில் வருகிறார்கள், நட்சத்திரமும் ஞானிகளும் மத்தேயுவில் வருகிறார்கள், அதுவும் ஞானிகள் வந்து பார்ப்பது ஒரு வீட்டுக்குள். குடிலில் எப்போதும் நிற்கிற மாடும் கழுதையும் இரண்டு நற்செய்திகளிலும் இல்லை. ஏசாயா 1:3இல் மாடு தன் எஜமானையும் கழுதை தன் எஜமானின் தொட்டியையும் அறியும் என்று வருகிறதே, அதை வைத்துப் பிற்காலத்தில் படம் வரைந்தவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். இடமில்லை என்று கதவைச் சாத்தும் சத்திரக்காரரும் நாடகங்களில்தான் உண்டு, லூக்காவில் அப்படி ஓர் ஆள் பேசுவதே இல்லை. "கழுதை எத்தனை?" என்று கேட்கிற கேள்விப் பட்டியல்களை இணையத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டால், நன்றாக வாசித்தவர்தான் தோற்பார்.

தமிழில் நடத்துவதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம்மிடம் ஒரே வசனம் இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகளில் புழங்குகிறது. பழைய பைபிளில் கிழக்கிலிருந்து வருபவர்கள் "சாஸ்திரிகள்", பொது மொழிபெயர்ப்பில் "ஞானிகள்". ஒன்றில் குழந்தையைக் கிடத்துவது "முன்னணை", இன்னொன்றில் "தீவனத் தொட்டி". இரண்டாவது காணிக்கை ஒருவருக்குத் தூபவர்க்கம், இன்னொருவருக்குச் சாம்பிராணி. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் அல்ல உங்கள் குழுவில் இருப்பவர்கள், கிறிஸ்தவர் அல்லாதவர்களும் பாதிப்பேர் இருப்பார்கள், ஆகவே ஒவ்வொரு விடைக்கும் ஏற்றுக்கொள்ளக்கூடிய எல்லாச் சொற்களையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். பெத்லகேம், பெத்லேகேம், பெத்லெகேம் எது வந்தாலும் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்த பெரிய குழி தேதி. "உலகம் முழுவதும் கிறிஸ்துமஸ் எந்த நாள்?" என்று கேட்டுவிட்டு டிசம்பர் 25 என்று போட்டால் அது தப்பு. ரஷ்யா, செர்பியா போன்ற இடங்களின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுகின்றன, அந்த டிசம்பர் 25 இப்போது நாம் பயன்படுத்தும் நாட்காட்டியில் ஜனவரி 7. இரண்டு நாட்காட்டிகளுக்கும் இடையில் இப்போது 13 நாள் வித்தியாசம், 2100க்குப் பிறகு அது 14 ஆகும், அப்போது அந்தப் பண்டிகை ஜனவரி 8க்குத் தள்ளிப் போகும். ஆர்மீனியத் திருச்சபை ஜனவரி 6இல் கொண்டாடுகிறது. உக்ரைன் 2023இல்தான் சட்டப்படியான விடுமுறையை ஜனவரி 7இலிருந்து டிசம்பர் 25க்கு மாற்றியது, எனவே பழைய கேள்விப் பட்டியலில் உக்ரைன் இருந்தால் தூக்கிவிடுங்கள். இதே நாட்காட்டிக் குழப்பம் ஐசக் நியூட்டனிடமும் வரும். அவர் பிறந்தது 1642 டிசம்பர் 25 என்பது அன்றைய இங்கிலாந்தின் கணக்கு, இன்றைய கணக்கில் 1643 ஜனவரி 4. "கிறிஸ்துமஸ் அன்று பிறந்த விஞ்ஞானி யார்?" என்று கேட்பதில் தவறில்லை, "அன்றைய இங்கிலாந்து நாட்காட்டிப்படி" என்று மட்டும் சேர்த்துவிடுங்கள்.

சரி, மத சம்பந்தமில்லாத பொதுக் கேள்விகள் பாதுகாப்பானவை என்று நினைப்போம், அங்கேதான் இன்னும் நிறையக் கட்டுக்கதை. சாண்டாவுக்குச் சிவப்பு உடை போட்டது கோகோ கோலா என்று ஏராளமான பேர் நம்புகிறார்கள். அந்த நிறுவனத்துக்காக ஹாடன் சன்ட்ப்ளம் சாண்டா படங்களை வரையத் தொடங்கியது 1931இல். அதற்கு ரொம்ப முன்னாலேயே அச்சில் சிவப்பு உடை சாண்டா வந்துவிட்டார், தாமஸ் நாஸ்ட் ஓர் அமெரிக்க வார இதழில் சாண்டாவை வரைய ஆரம்பித்ததே 1863இல். விளம்பரம் அந்த உருவத்தை உலகமெங்கும் நிலைக்க வைத்தது என்று சொல்லலாம், உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. "எக்ஸ்மஸ்" என்று எழுதுவது கிறிஸ்துவின் பெயரை எடுத்துவிடுவதற்காக என்று கோபப்படுகிறவர்களும் உண்டு, ஆனால் அந்த எக்ஸ் வடிவ எழுத்து கிரேக்கத்தில் கிறிஸ்து என்ற சொல்லின் முதல் எழுத்து. ஆஸ்திரியாவின் ஒபர்ன்டார்ஃப் ஊரில் 1818 டிசம்பர் 24 அன்று "சைலன்ட் நைட்" முதலில் பாடப்பட்டது உண்மை, வரிகள் ஜோசஃப் மோர், இசை ஃபிரான்ஸ் சேவர் க்ரூபர், துணைக்கு ஒரு கிதார், இதெல்லாம் உறுதி. எலி கடித்து தேவாலயத்தின் ஆர்கன் கெட்டுப்போனதால்தான் கிதார் என்பது பின்னால் சேர்ந்த கதை, அதைக் கேள்வியாக்காதீர்கள்.

சில கேள்விகளுக்கு உண்மையிலேயே இரண்டு விடை இருக்கும். "கிறிஸ்துமஸ் தீவு எந்த நாட்டுடையது?" என்றால் ஆஸ்திரேலியா என்று பலர் எழுதுவார்கள், அது இந்தியப் பெருங்கடலில் இருப்பது, 1643 டிசம்பர் 25 அன்று அந்தப் பக்கம் போன கப்பல் தலைவர் வில்லியம் மைனர்ஸ் வைத்த பெயர். பசிபிக்கில் இன்னொன்று இருக்கிறது, 1777இல் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கேப்டன் குக் வந்து சேர்ந்த பவளத்தீவு, கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்தது. அதன் இன்றைய எழுத்து கிரிட்டிமாட்டி, அதுவும் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே, அந்த மொழியின் எழுத்துமுறையில் எழுதியது. கேள்வியில் கடலின் பெயரைச் சேர்த்தால் விடை ஒன்றாகிவிடும். சாண்டாவின் வண்டியை இழுக்கும் கலைமான் (ரெயின்டீர்) கொம்பு விஷயமும் இப்படித்தான். ஆண் மான்கள் பெரும்பாலும் குளிர்காலத் தொடக்கத்தில் கொம்பை உதிர்த்துவிடும், பெண் மான்கள் வசந்தம் வரை வைத்திருக்கும், ஆகவே சாண்டாவின் மான்கள் எல்லாம் பெண் என்று ஒரு பிரபலமான "விடை" சுற்றுகிறது. வண்டி இழுக்கப் பழக்கும் காயடித்த ஆண் மான்களும் கொம்பைத் தாமதமாகத்தான் உதிர்க்கும் என்று கால்நடை தெரிந்த ஒருவர் வந்து சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? "கலைமான்களில் பெண்ணுக்கும் கொம்பு உண்டா?" என்று கேளுங்கள், உண்டு என்பது மட்டும்தான் விடை.

இப்போது தேடிப் பார்த்து எழுதுவது பற்றி. எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, இரண்டு விநாடியில் விடை வந்துவிடும், தடுக்க முடியாது. நேரடி வீடியோவில் பதினைந்து விநாடி வைத்து நடத்தினால் கொஞ்சம் குறையும், ஆனால் இணைப்பு மெதுவாக இருக்கிறவர்கள் பாதிக்கப்படுவார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. தேடலாம் என்று வெளிப்படையாக அனுமதி கொடுத்துவிட்டு, தேடினாலும் யோசிக்க வேண்டிய கேள்விகளாகப் போடுவதுதான் நேர்மையான வழி என்பது என் கருத்து. உதாரணம், "பன்னிரண்டு நாள்" என்ற அந்தப் பழைய ஆங்கிலப் பாட்டு. முதல் நாள் ஒரு பரிசு, இரண்டாம் நாள் இரண்டு புறாவும் மறுபடி முதல் பரிசும் என்று ஒவ்வொரு நாளும் பழையதையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டே போவார்கள். மொத்தம் எத்தனை பரிசு என்றால் 364, இது தேடினால் கிடைத்துவிடும். எந்தப் பரிசு எண்ணிக்கையில் அதிகம் வந்து சேர்கிறது என்று கேளுங்கள். ஆறாம் நாளின் ஆறு வாத்துகள் ஏழு நாள் வருகின்றன, ஏழாம் நாளின் ஏழு அன்னங்கள் ஆறு நாள் வருகின்றன, இரண்டும் 42, இரண்டும் முதலிடம். கணக்குப் போட்டவருக்குத்தான் இரண்டையும் எழுதத் தோன்றும்.

வரிசைப்படுத்தச் சொல்வதும் நன்றாக வேலை செய்யும். சார்லமேன் ரோமில் பேரரசராக முடிசூடியது, வில்லியம் இங்கிலாந்தின் அரசராக முடிசூடியது, புனித பிரான்சிஸ் கிரெச்சியோவில் கிறிஸ்து பிறப்புக் காட்சியை உயிருள்ள விலங்குகளோடு அமைத்தது, மாசச்சூசெட்ஸில் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் வந்தது, இந்த நான்கையும் காலவரிசையில் எழுதச் சொல்லலாம். 800, 1066, 1223, 1659. முதல் இரண்டும் கிறிஸ்துமஸ் நாளிலேயே நடந்தவை. கடைசியில் இருக்கிற சட்டம் 1681இல் நீக்கப்பட்டது, அதை அனுபவித்தவர்களும் கிறிஸ்தவர்கள், கொண்டு வந்தவர்களும் கிறிஸ்தவர்கள் என்பது நிறையப் பேருக்கு ஆச்சரியமாக இருக்கும், என் போட்டியில் இந்த ஒரு கேள்விக்குப் பிறகு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

விடைக்குப் பின்னால் ஒரு கதை இருந்தால் தோற்றவரும் சந்தோஷமாகப் போவார். எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு விண்வெளியிலிருந்து வருகின்றன. 1965 டிசம்பர் 16 அன்று ஜெமினி 6 விண்கலத்திலிருந்த வால்டர் ஷிராவும் தாமஸ் ஸ்டாஃபோர்டும், வடக்கிலிருந்து தெற்கே ஏதோ ஒன்று பறந்து போகிறது என்று தரைக்கு அறிவித்துவிட்டு, ஒளித்து எடுத்துப் போயிருந்த மவுத் ஆர்கனிலும் குட்டி மணிகளிலும் "ஜிங்கிள் பெல்ஸ்" வாசித்தார்கள். (1857இல் வெளியான அந்தப் பாட்டின் வரிகளில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது, அதையும் கேட்கலாம்.) மூன்று வருடம் கழித்து, 1968 டிசம்பர் 24 அன்று அப்போலோ 8 நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மூன்று பேரும் ஆதியாகமத்தின் முதல் வசனங்களை வாசித்தார்கள். அப்புறம், கைப்பேசிக்குப் போன முதல் குறுஞ்செய்தி, 1992 டிசம்பர் 3, கிறிஸ்துமஸ் வாழ்த்து. கணினியிலிருந்துதான் அனுப்பினார்கள், கைப்பேசியில் அன்று தட்டச்சு செய்யும் வசதி இல்லை.

பரிசு கொடுக்கிற குழுவுக்குப் பொருத்தமான கதை, சாண்டாவின் சிவப்பு மூக்கு மான் ருடால்ஃபின் கதை. 1939இல் மாண்ட்கோமரி வார்ட் என்ற அமெரிக்கக் கடைநிறுவனம், வருகிற குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் வேண்டும் என்று தன் விளம்பர எழுத்தாளர் ராபர்ட் மேயிடம் கேட்டது. ருடால்ஃப் அப்படிப் பிறந்ததுதான், முதல் வருடமே 20 லட்சத்துக்கும் மேல் இலவசமாகப் போயிற்று. உரிமை நிறுவனத்திடம் இருந்தது, 1947இல் அதை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். பாட்டு 1949இல் வந்தது. ஆகவே 1823இல் அச்சான, சாண்டாவைப் பற்றிய பழைய கவிதையில் இருக்கும் எட்டு மான்களில் ருடால்ஃப் இருக்க முடியாது, "சாண்டாவுக்கு எத்தனை மான்?" என்று வெறுமனே கேட்டால் எட்டா ஒன்பதா என்ற சண்டை நிச்சயம்.

கடைசி நேரத்தை எப்படி எழுதுவது என்பதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "டிசம்பர் 25 இரவுக்குள்" என்றால் யாருடைய இரவு? மேலே சொன்ன கிரிட்டிமாட்டி யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்குக்கு 14 மணி நேரம் முன்னால் இருக்கிறது, உலகில் டிசம்பர் 25 முதலில் பிறக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. மறு கோடியில் 12 மணி நேரம் பின்னால் இருக்கும் மண்டலம். கூட்டிப் பார்த்தால் பூமியில் எங்காவது ஓரிடத்தில் டிசம்பர் 25 இருந்துகொண்டே இருப்பது 50 மணி நேரம். யுடிசி நேரத்தில் ஒரு மணியை எழுதி, உறுப்பினர்கள் இருக்கிற ஊர்களில் அது எத்தனை மணி என்றும் பக்கத்தில் போட்டுவிடுங்கள். விடைகளைப் பொதுவில் எழுதச் சொல்ல வேண்டாம், நேரம் பதிவாகும் ஒரு படிவத்தில் வாங்குங்கள், ஒருவருக்கு ஒரு தடவை மட்டும். முதலில் அனுப்பியவருக்கு முன்னுரிமை என்று வைத்தால் அந்த நேரம் தூங்குகிறவர்கள் எல்லாம் வெளியே, அதனால் வேகத்துக்கு மதிப்பெண் வேண்டவே வேண்டாம்.

பரிசுக்கு வருவோம். கலந்துகொள்ள யாரிடமும் பணம் வாங்காதீர்கள், இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். பணம் கட்டிச் சேர்வது, அதிர்ஷ்டத்தால் வெல்வது, பரிசு கிடைப்பது என்ற மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் பல நாடுகளின் சட்டத்தில் அது லாட்டரி, அனுமதி இல்லாமல் நடத்தக் கூடாது. செலவை நடத்துகிறவர்களோ விரும்பிக் கொடுப்பவர்களோ ஏற்கட்டும், கொடுத்தவருக்குப் போட்டியில் எந்தச் சலுகையும் இல்லை என்று எழுதிவிடுங்கள். ஒரே ஒரு பெரிய பரிசைவிட ஐந்து ஆறு சின்னப் பரிசு நல்லது. பாதியை மதிப்பெண்ணுக்குக் கொடுங்கள், மீதியை எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிய யாருக்கு வேண்டுமானாலும் குலுக்கலில் கொடுங்கள். வருடா வருடம் அதே நாலு பேர் ஜெயித்தால் மற்றவர்கள் மூன்றாம் வருடம் வரமாட்டார்கள், நான் கண்ணால் பார்த்தது. குலுக்கலைப் போட்டியில் இல்லாத இரண்டு பேரை வைத்து எல்லோரும் பார்க்கும்படி வீடியோவில் செய்யுங்கள்.

பொருளாக அனுப்பினால் பெறுபவர் தன் நாட்டில் சுங்க வரி கட்ட வேண்டி வரலாம். பரிசு வாங்கியவரிடம் பணம் கறக்கிற மாதிரி ஆகிவிடும். கிஃப்ட் கார்டு சுலபம், ஆனால் பெரும்பாலானவை வாங்கிய நாட்டின் கணக்கில்தான் செல்லும், ஆகவே வென்றவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று கேட்ட பிறகுதான் வாங்க வேண்டும், முன்கூட்டி மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள். வீட்டு முகவரி வாங்கினால் பொருள் போய்ச் சேர்ந்ததும் அழித்துவிடுங்கள். மோசடி இந்த நேரத்தில்தான் நுழையும்: உங்கள் பெயரையும் படத்தையும் வைத்து ஒருவர் போலிக் கணக்கு தொடங்கி, "வாழ்த்துக்கள், நீங்கள் வென்றுவிட்டீர்கள், அனுப்பும் செலவு மட்டும் கட்டுங்கள்" என்றோ ஓடிபி சொல்லுங்கள் என்றோ உறுப்பினர்களுக்கு எழுதுவார். போட்டி அறிவிப்பின் முதல் வரியிலேயே, பணமோ கடவுச்சொல்லோ ஓடிபியோ எந்தக் காரணத்துக்காகவும் கேட்க மாட்டோம், வென்றவர் பெயர் இன்ன நாளில் எல்லோருக்கும் பொதுவில் அறிவிக்கப்படும் என்று போட்டுவிடுங்கள். வயதானவர்கள் இருக்கும் குழுவில் இதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

விடைகளை வெளியிட்ட உடனே வென்றவரை அறிவிக்காதீர்கள். முதலில் விடையும் அது எங்கிருந்து எடுத்தது என்பதும், பிறகு ஒரு முழு நாள் மறுப்புச் சொல்ல அவகாசம், அதற்குப் பிறகுதான் பெயர்கள். யாராவது சரியான மறுப்புச் சொன்னால் அந்தக் கேள்வியை எல்லோருக்குமே நீக்கிவிடுங்கள், அவருக்கு மட்டும் மதிப்பெண் சேர்த்தால் புது வழக்கு ஆரம்பமாகும்.

சமநிலை வந்தால் என்ன செய்வது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் வைத்திருக்கும் கேள்வி, படிவத்தின் கடைசியில் எல்லோருக்கும் இருக்கும்: "இந்தப் போட்டியில் கலந்துகொள்ளும் எல்லோரும் சேர்த்து மொத்தம் எத்தனை சரியான விடை எழுதியிருப்பார்கள்?" தேடினால் கிடைக்காது, நடத்துகிற எனக்கே முடியும்வரை தெரியாது, மிக அருகில் எண் சொன்னவருக்குப் பரிசு. இரண்டு பேர் அதிலும் ஒரே எண் சொன்னால் பரிசு இரண்டாகப் பிரியும் என்று விதியில் எழுதி வைத்திருக்கிறேன், இதுவரை அது தேவைப்படவில்லை.